நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் காலைத் தூக்க விடுவதில்லை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் செவலைக்கு இப்போது 24 வயது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பெண்குதிரை. நாலு வருடத்துக்கு முன்னால் குஷிங் நோய் என்று சொன்னார்கள். தினமும் மாத்திரை கொடுக்கிறோம். அப்புறம் குளம்பு நோயும் சேர்ந்துகொண்டது. இந்த வருடம் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. வலிமருந்து கொடுக்காத நாளே இல்லை. போன வாரம் லாடம் அடிப்பவர் வந்தபோது முன்காலைத் தூக்கவே விடவில்லை. பாதி வேலையோடு திரும்பிப் போனார். ஆனால் தீனி வைத்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். என்னைப் பார்த்தால் கனைக்கிறாள். கணவர் "அவளைப் போக விட்டுவிடலாம்" என்கிறார். மகன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். தெரிந்தவர் ஒருவர் தன் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இன்னும் சாப்பிடுகிற ஜீவனை ஊசி போட்டுக் கொல்வது பாவம் இல்லையா? எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

லாடம் அடிப்பவர் பாதி வேலையோடு திரும்பிப் போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருந்தே தொடங்குகிறேன். ஒரு முன்காலைத் தூக்கினால் அந்தப் பக்கத்து எடை முழுவதையும் மற்ற முன்கால் தாங்க வேண்டும். அதுவும் தாங்காது என்று தெரிந்த குதிரைதான் காலைத் தரமாட்டேன் என்கிறது. அது முரண்டு இல்லை. லாமினைடிஸ் எனப்படும் இந்தக் குளம்பு நோயின் கடுமையை நான்கு படிகளாகப் பிரித்து 1948-ல் நில்ஸ் ஓபெல் என்ற மருத்துவர் எழுதினார். இன்றும் நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம். நிற்கும்போது கால் மாற்றி மாற்றி ஊன்றுவது முதல் படி. விறைப்பாக நடந்தாலும் காலைத் தூக்க விடுவது இரண்டாவது. காலைத் தூக்கவே விடாதது மூன்றாவது. அடித்து விரட்டினால் ஒழிய நகராதது நான்காவது. தினமும் வலிமருந்து வாங்கிக்கொண்டே உங்கள் செவலை மூன்றாவது படியில் நிற்கிறாள். இதை நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

குளம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். குளம்பின் சுவருக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக மெல்லிய திசுக்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் அந்த மடிப்புகளின் பிடியில்தான் எலும்பு குளம்புக்குள் நிற்கிறது. நானூறு ஐந்நூறு கிலோ உடம்பின் பாரத்தையும் அந்தப் பிடிதான் தாங்குகிறது. நோய் வந்தால் பிடி தளர்கிறது. காலின் பின்பக்கத் தசைநார் எலும்பை இழுத்துக்கொண்டே இருப்பதால் எலும்பு மெல்லச் சுழன்று, அதன் முனை பாதத்தின் அடித்தோலை அழுத்தத் தொடங்குகிறது. முற்றிப் போனால் அடித்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியிலும் வரலாம். பிய்ந்து தொங்கும் நகத்தின் மேல் ஊன்றி நிற்பதை நினைத்துப் பாருங்கள், அவள் நிற்பது அப்படித்தான். அந்த வேதனையைக் குறைக்கத்தான் குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பின்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும். அவள் அப்படி நிற்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

குஷிங் இதற்கு எங்கே வருகிறது? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் வயதில் கெட்டுப்போவதால், சுரப்பி தன் இஷ்டத்துக்கு ஹார்மோன்களைச் சுரக்கிறது. முடி உதிராமல் நீளமாக வளர்வது, முதுகுத் தசை கரைவது, அதிகமாகத் தண்ணீர் குடிப்பது எல்லாம் அதனால்தான். இந்தக் குதிரைகளில் பலவற்றுக்கு ரத்தத்தில் இன்சுலினும் ஏறிவிடுகிறது. அந்த இன்சுலின்தான் குளம்பின் பிடியைக் கெடுக்கிறது. பெர்கோலைடு மாத்திரை சுரப்பியை அடக்கிவைக்கும், நோயைத் தீர்க்காது. மாத்திரையை ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். நோய் வளர வளர அளவையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒரே வருடத்தில் மூன்று முறை குளம்பு நோய் வந்திருக்கிறது என்றால், மாத்திரையின் அளவு போதவில்லை அல்லது இன்சுலின் அடங்கவில்லை. இரண்டும்கூட இருக்கலாம்.

சரி, நன்றாகச் சாப்பிடுகிறாளே என்கிறீர்கள். உங்களைப் போலத்தான் எல்லோரும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாய் வலியில் இருந்தால் பல நேரம் சாப்பாட்டைக் குறைத்துவிடும். குதிரை அப்படி இல்லை. நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பதற்கென்று அமைந்த வயிறு அது. குளம்பு கழன்றுவிடும் நிலையில் படுத்துக் கிடக்கும் குதிரைகூட, படுத்தபடியே கழுத்தை நீட்டிப் புல் தின்னும். வயிற்றுவலி வந்தால் குதிரை சாப்பாட்டை விடும், கால்வலிக்கு லேசில் விடாது. இன்னொன்றும் உண்டு. குதிரை வேட்டையாடப்படும் பிராணி. நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் புலியோ ஓநாயோ தன்னைத்தான் குறிவைக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. நம் கண்முன் நிமிர்ந்து நிற்கும், நாம் போன பிறகு தளரும். உங்களைக் கண்டு கனைப்பது பாசம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாசம் இருக்கும் இடத்தில் வலி இருக்காது என்று ஆகிவிடாது.

அதனால் தீனித் தொட்டியை விட்டுவிட்டு வேறு இடங்களில் பாருங்கள்.

முதலில் தூக்கம். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அந்தத் தூக்கம் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். படுத்தால் திரும்ப எழும்போது முன்கால்களை ஊன்ற வேண்டுமே என்று பயந்து படுக்காமலே நாட்களை ஓட்டும் குதிரைகளை நான் நிறையப் பார்க்கிறேன். காலையில் முதல் வேலையாக அவள் பிடரியிலும் விலாவிலும் இடுப்பிலும் தூசியோ வைக்கோல் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாள் கணக்கில் எதுவுமே ஒட்டவில்லை என்றால் அவள் படுப்பதில்லை. அடுத்து முன்கால்களில் குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே முடி தேய்ந்தோ, பொருக்குத் தட்டியோ இருந்தால், நின்றபடி தூங்கி, கால் மடங்கி, மூட்டு தரையில் இடித்து, திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்தப் புண்ணைப் பலர் கயிறு உராய்ந்தது என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பகலில் பாதி நேரம் படுத்தே கிடந்தாலும் அது ஓய்வு இல்லை. நிற்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அதே மூட்டுக்குப் பின்னால், இரண்டு ஓரங்களிலும் மெதுவாக விரலை வையுங்கள். நல்ல குதிரைக்கு அங்கே நாடி தேடினால்தான் கிடைக்கும். விரலை வைத்ததும் திமுதிமுவென்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் அமைதியாக நிற்கும்போது இதயத் துடிப்பையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை இருந்தால் சரி. எந்தக் காரணமும் இல்லாமல் தொடர்ந்து அதைத் தாண்டினால் வலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குதிரை முகத்தில் வலியைக் கண்டுபிடிக்க 2014-ல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். பின்னோக்கி விறைத்த காது, பாதி மூடிச் சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே துருத்தித் தெரியும் எலும்பு, இறுகிய தாடைத் தசை, இறுக்கிய வாயும் முன்தள்ளிய மோவாயும், விறைத்த மூக்குத் துவாரம் ஆகிய ஆறையும் பார்க்கச் சொல்கிறது அது. நீங்கள் வருவது அவளுக்குத் தெரியாதபடி தள்ளி நின்று பாருங்கள். போனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள். அவள் நன்றாக இருந்த காலத்துப் படம் ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கூட வேறு குதிரை இருந்தால் அதோடு அவள் எப்படிப் பழகுகிறாள் என்பதும் முக்கியம். இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றின் தோளை மற்றது பல்லால் சொறிந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அவள் எப்போது நிறுத்தினாள்? மணலில் கடைசியாகப் புரண்டது எப்போது? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மகனுக்கு விடை தெரிந்திருக்கும். குழந்தைகள் இதையெல்லாம் கவனிப்பார்கள்.

இனி செய்ய வேண்டியது. நான் நேரில் பார்க்காத குதிரைக்கு நாள் குறிக்க மாட்டேன். உங்கள் டாக்டரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். இரண்டு முன்குளம்புகளுக்கும் பக்கவாட்டில் புது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு எவ்வளவு சுழன்றிருக்கிறது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, அடித்தோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். ரத்தத்தில் பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோனும் இன்சுலினும் பார்க்க வேண்டும். அப்புறம், அவர் சம்மதித்தால், சில நாட்களுக்கு வலிமருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நீங்களாகக் கூட்டாதீர்கள். பியூட் (பினைல்பியூட்டசோன்) போன்ற வலிமருந்துகள் அதிகமானால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரும், சிறுநீரகமும் கெடும். டாக்டர் கண்காணிப்பில் செய்யும் இந்தப் பரிசோதனை நிறையச் சொல்லும். மருந்து ஏறியதும் அவள் பத்து வயது குறைந்த மாதிரி நடந்தால், நீங்கள் வயதாகிவிட்டது என்று நினைத்ததெல்லாம் வலிதான் என்று தெரியும். முழு அளவு கொடுத்தும் நடை மாறவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மருந்தின் அளவை மாற்றி, தீனியில் சர்க்கரையைக் குறைத்து, எக்ஸ்ரேயைப் பார்த்து லாடத்தைத் திருத்தினால் தேறிவரும் குதிரைகள் உண்டு. அந்த வாய்ப்பை அவளுக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு கெடுவோடு கொடுங்கள். டாக்டரோடு உட்கார்ந்து ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு காலண்டரில் தினமும் இரவு, அன்றைய நாள் அவளுக்கு நல்ல நாளா கெட்ட நாளா என்று வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறியுங்கள். கலந்து பேசாமல் குறிக்க வேண்டும். கெடு வைக்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மோசமாகும், அந்தக் கொஞ்சத்துக்கு நாம் பழகிப்போவோம். கடைசியில் ஒரு நடுராத்திரியில் அவள் எழ முடியாமல் உதைத்துக்கொண்டு கிடப்பாள், டாக்டர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். முடிவை அந்த ராத்திரியின் கையில் விட வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கம் இந்த விஷயத்தில் தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. தீராத நோயால் ஓயாத, அடக்க முடியாத வலியைக் குதிரை அனுபவிக்க விடக் கூடாது என்கிறது. மீதி ஆயுள் முழுக்க வலிமருந்திலோ, வலிக்காக லாயத்துக்குள் அடைபட்டோ கழிக்க வேண்டிய நிலையும் கூடாது என்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் செவலை அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறாள். எக்ஸ்ரேயில் எலும்பு மேலும் இறங்கியிருந்தாலோ, நாலு வாரத்தில் அவள் காலைத் தூக்கித் தரும் நிலைக்கு வராவிட்டாலோ, அவளைப் போகவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. உங்கள் கணவர் சொல்வது இரக்கமற்ற பேச்சு இல்லை.

தெரிந்தவர் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் இந்த நோயோடு 24 வயதுக் குதிரையை வண்டியில் ஏற்றுவதே கொடுமை. குலுங்கும் வண்டியில் அந்தக் கால்களோடுதான் அவள் நின்று போக வேண்டும். போன இடத்தில் புது மந்தை, புது ஆட்கள், கைமாறிப் போகும் மருந்து வேளை. முடிவு அங்கேயும் அதேதான், நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் செலவு செய்திருந்தால், இன்னும் பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்ற எண்ணமும் அந்தக் கேள்விக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். 2006-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பந்தயத்திலேயே பின்னங்கால் எலும்பு நொறுங்கியது. உலகத்தின் மிகச் சிறந்த குதிரை மருத்துவமனைகளில் ஒன்றில் அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். பணத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் மற்ற கால்களில் இந்த லாமினைடிஸ் வந்து, 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. பந்தயக் குதிரைகளில் பெரும்புகழ் பெற்ற செக்ரட்டேரியட்டும் 1989-ல் இதே நோயால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. இந்த நோயின் குணமே அப்படி. நாம் வலியில் இருந்தால் அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், அந்த நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொள்வோம். அவளுக்கு அப்படி யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. அவள் சார்பில் யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான். யோசித்து எடுக்கும் முடிவைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாள் வந்தால் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் போய் நிற்பதுதான் பயம். வண்டி வந்து போகும் வசதியுள்ள, மென்மையான சமதரையாக இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை தாழ்ந்து, உதடு தொங்கி, அரைத்தூக்கத்தில் நிற்பாள். பிறகு கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் பென்டோபார்பிட்டால் மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்ச் சரிந்துவிடுவாள். பெரிய உடம்பு என்பதால் விழுவது சத்தமாக இருக்கும். கயிற்றை டாக்டரோ உதவியாளரோ பிடிக்கட்டும், நீங்கள் அவர் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். விழுந்த பிறகு ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசைகள் துடிக்கலாம், கண் திறந்தே இருக்கும். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது. டாக்டர் இதயத்தைக் கேட்டு, கருவிழியைத் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்வார். சில இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் துப்பாக்கியால் செய்வார்கள். கேட்கக் கடினமாக இருந்தாலும், சரியாகச் செய்தால் நொடியில் முடியும், வலி இல்லை. ஆனால் முழு மயக்கத்தில் இல்லாத குதிரைக்குப் பொட்டாசியம் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அது சித்திரவதை.

உடலை என்ன செய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பென்டோபார்பிட்டால் உடலில் நெடுநாள் தங்கும். தின்ற நாயும் பறவையும் செத்துப்போகும். உங்கள் பகுதி விதிப்படி, தண்ணீர் நிலைகளுக்குத் தள்ளி ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். கூட இருக்கும் குதிரையை உடலைப் பார்க்க விடுங்கள். பெரும்பாலும் மோந்து பார்த்து, கொஞ்ச நேரம் நின்று, தானாக விலகிப் போகும். பார்க்காத குதிரைதான் நாள் கணக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பது பல வளர்ப்பாளர்களின் அனுபவம்.

மகனிடம் முடிவைச் சொல்லாதீர்கள், இப்போதே காலண்டரைக் கொடுங்கள். எக்ஸ்ரே எடுக்கும் அன்று அவனையும் கூட வைத்துக்கொண்டு, டாக்டரிடம் படத்தை அவனுக்கு விளக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்தவன் உங்களோடு சண்டை போட மாட்டான், அழுவான். அழட்டும். கடைசி நாளில் அவன் எதுவரை கூட இருப்பது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். மயக்க ஊசி வரை இருந்துவிட்டு விலகிப் போனாலும் தவறில்லை.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "வலிமருந்து இல்லாமல் இவள் சுகமாக நடக்கும் நாள் வருமா? வரும் என்றால் எத்தனை மாதத்தில்?" அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள், லாயத்தில் மரத்தூளோ வைக்கோலோ முழங்கை ஆழத்துக்குப் பரப்புங்கள், தண்ணீரும் தீனியும் அவள் எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும், நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.